பூஞ்சை பிடித்த கேசட்டில் 43 நிமிடப் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. ஐப்பசி மழை, கூடவே காற்று, எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்திருக்கும், கோத்தகிரிக்கு இது புதிதில்லை. செல்போனில் சார்ஜ் இருந்தது, சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் இருந்தது. 'யெஸ்' குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' போட்டேன். ப்ராக் ராக் என்பார்கள் இந்த வகையை, ராக் பாட்டை நீளமாகப் பல பகுதிகளாகக் கட்டும் எழுபதுகளின் இசை. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆறேழு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், "அம்மா, இது ஒரே பாட்டா? எப்பதான் முடியும்?" என்றாள். 18 நிமிடத்துக்கு மேல் போகும் என்றேன். "அதுக்குள்ள நான் நாலு பாட்டு கேட்டு முடிச்சிருப்பேன்" என்றாள். கணக்கு சரிதான், அவளுக்கு அந்த நேரத்தில் சொல்லப் பதில் எதுவும் எனக்குச் சட்டென்று வரவில்லை. ஒரு வாரமாக வேலையில் தேயிலைக் கணக்கு எழுதும்போதெல்லாம் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தப் பாட்டெல்லாம் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வெலிங்டனில் ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்த அதிகாரி மாற்றலாகி வடக்கே போகும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய கேசட்டுகளை "உங்க வீட்டுப் பிள்ளைங்க கேட்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது 13 வயது. எல்லாம் வீட்டில் பதிவு செய்தவை, 90 நிமிட கேசட்டுகள், பக்கத்துக்கு 45 நிமிடம். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்திருந்தது. மலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும், மழை மாதங்களில் தோல் செருப்பு, பெல்ட், ஆல்பத்தில் இருக்கும் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் பூக்கும் அதே வெள்ளைதான் நாடாச் சுருளின் ஓரத்திலும் உப்புப் படிந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்த்தார். ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது நான்கைந்து கேசட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், டிரையர் இருக்கும் அறையில் இளஞ்சூடாக இருக்கும் ஒரு மரப் பலகையில் வைத்துக் காலையில் எடுத்து வருவார். ரொம்பச் சூடாகவும் கூடாது, நாடா நெளிந்துவிடும். நான் பென்சிலைப் பல் சக்கரத்தில் செருகி மெதுவாகச் சுற்றிக்கொண்டே பஞ்சால் துடைப்பேன். அப்படித் துடைத்த கேசட்டுகளில் தேயிலை வாசம் இருக்கும், இன்றைக்கும் லேசாக இருக்கிறது.

அதில் ஒரு கேசட்டில் பெயரே எழுதியிருக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு ஆண் குரல், ஒரு புல்லாங்குழல், அப்புறம் ஆர்கனும் டிரம்ஸும் சேர்ந்து ஓட்டம். நடுவில் எங்கேயோ காற்று வீசுவது போல் சத்தம் அடங்கி, இரண்டு நொடி இடைவெளிக்குப் பிறகு மறுபடி தொடங்கும். யார் பாடுகிறார்கள், என்ன பெயர், ஒன்றும் தெரியாமல் பத்து வருஷத்துக்கு மேல் கேட்டேன். கோயம்புத்தூரில் ஒரு சிடி கடையில் வேறு எதையோ தேடப் போனபோது அந்தக் கிட்டார் ஸ்பீக்கரில் வந்தது, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஜெத்ரோ டல், 'திக் ஆஸ் எ பிரிக்', 1972. மொத்தம் 43 நிமிடத்துக்கு மேல், ஒரே பாட்டு. இசைத்தட்டில் அதை இரண்டு பக்கமாகப் பிரித்தே ஆக வேண்டியிருந்தது, அந்த இரண்டு நொடி இடைவெளி தட்டைத் திருப்பிப் போட்ட இடம். என் கேசட்டில் அது ஒரே பக்கத்தில் முழுசாக அடங்கியிருந்தது. அந்த விதத்தில் நான் கொடுத்து வைத்தவள்.

ஜெத்ரோ டல்லில் பாடிக் குழலும் ஊதும் இயன் ஆண்டர்சனைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டாரில் எரிக் கிளாப்டன் அளவுக்கு வர முடியாது என்று தோன்றித்தான் புல்லாங்குழலைக் கையில் எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். முறையாகக் கற்றவர் வாசிப்பது போல் இருக்காது, ஊதும்போதே கூடவே முனகுவார், மூச்சு கரகரக்கும், சில இடங்களில் கோபமாகத் துப்புவது போல் இருக்கும். கர்நாடக சங்கீத வித்வான் மாலியின் குழலைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் இது முரடாகத்தான் தெரியும். எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும், ஒரு ஆள் நிஜமாகவே அங்கே நின்று ஊதுகிறார் என்பது அதில்தான் தெரிகிறது. அதற்கு முந்தைய வருஷம் வந்த 'அக்வாலங்' ஆல்பத்தை எல்லாரும் ஒரே கதை சொல்லும் ஆல்பம் என்று எழுத, அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர், சரி, அப்படி ஒன்று வேண்டுமா, இந்தாருங்கள் என்று கேலியாகச் செய்ததுதான் 'திக் ஆஸ் எ பிரிக்'. உறையே ஒரு உள்ளூர்ச் செய்தித்தாள் மாதிரி அச்சடித்து, பாட்டை எட்டு வயதுப் பையன் ஒருவன் எழுதினான் என்று கற்பனையாகப் போட்டார்கள். கேலிக்காகத் தொடங்கியது கைக்குள் அடங்காமல் உண்மையாகவே பெரிய வேலையாக வந்துவிட்டது என்பது என் கருத்து. தொடக்கத்தில் வந்த அந்தச் சின்னக் கிட்டார் வரி 40 நிமிடம் கழித்துத் திரும்ப வரும்போது வயிற்றில் ஏதோ செய்யும். முதல் நிமிடத்திலும் அதே வரிதான், ஆனால் அப்போது ஒன்றும் செய்யவில்லை.

இங்கேதான் அப்பாவின் பேச்சு ஞாபகம் வருகிறது. பறித்து வந்த கொழுந்தை உடனே மெஷினில் போட மாட்டார்கள், வாட்ட வேண்டும். நீளமான தொட்டிகளில் பரப்பிக் கீழிருந்து காற்று விட்டு, 12 மணி நேரமாவது, ஈரமான நாளில் அதற்கும் மேல். வாடியதா இல்லையா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார்கள். பிடித்த உருண்டை அப்படியே நின்றால் வாடிவிட்டது, சடசடவென்று விரிந்தால் இன்னும் இல்லை. காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். "வாடாத இலையை ரோலில் போட்டா டீ பச்சை வாடை அடிக்கும்மா, கலர் வரும், ருசி வராது" என்பார். தொட்டியில் கிடக்கும் நேரத்தில் இலை சும்மா கிடப்பது போலத்தான் தெரியும், ஆனால் வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. நீளப் பாட்டை நான் அப்படித்தான் கேட்கிறேன்.

கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்' இதற்கு நல்ல உதாரணம். 1974-ல் வந்த 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 12 நிமிடம். இந்த வகை இசையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் இதைத்தான் எடுப்பேன். முதல் நான்கு நிமிடம் ஒரு சோகமான மெட்டு, மெல்லோட்ரான் என்ற கீபோர்டு பின்னால் பனி மூட்டம் மாதிரி பரவி நிற்க ஜான் வெட்டன் பாடுகிறார். பாட்டு முடிந்துவிட்டது போல அடங்குகிறது. அப்புறம் பேஸ் கிட்டார் மட்டும் ஒரு வரியைத் தனியாகத் தொடங்குகிறது, 13 அடிக் கணக்கு, நொண்டி நொண்டி நடப்பது போல. அதன் மேல் ராபர்ட் ஃப்ரிப் கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தை அடிக்கிறார். அதே சுரம். மறுபடியும் அதே சுரம். பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே. பில் ப்ரூஃபோர்ட் பின்னால் கட்டையையும் உலோகத்தையும் அங்கங்கே தட்டிக்கொண்டிருப்பவர், நேரம் போகப் போக டிரம்ஸில் முழுசாக இறங்குகிறார். நான்கைந்து நிமிடம் இப்படி ஏறிக்கொண்டே போகிறது, கேட்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் உடைந்து ஓட்டமாக ஓடி, சாக்ஸபோன் கத்தி, கடைசியில் முதலில் கேட்ட அந்தச் சோக மெட்டு முழு வாத்தியக் கூட்டத்தோடு வந்து நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வராமல் நான் இதைக் கேட்டு முடித்ததில்லை. கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டால் அது வெறும் சத்தமான ஒரு மெட்டு, அவ்வளவுதான். இந்த ஆல்பம் கடைக்கு வரும் முன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார் என்பது தெரிந்தபோது இன்னும் கனத்தது.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசை கணக்குப் போட்டுப் பயமுறுத்துகிறது என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டியதே இல்லை. எங்கள் முருகன் கோயில் பஜனையில் மிருதங்கம் வாசித்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த சொற்கட்டே போதும். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' ஏழு அடி, தகிட தகதிமி, மிஸ்ர சாப்பு. ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் தி பாஸ்ட்' ஐந்து, தக தகிட, கண்ட சாப்பு. ஜெனசிஸின் 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒன்பது அடிக் கணக்கில் ஒரு பெரிய பகுதி வருகிறது, நம் சங்கீர்ணம். நம் ஊர்க் கச்சேரி மேடையில் வழக்கமாக நடக்கிற விஷயம் லண்டனில் 20 வயதுப் பையன்களுக்குப் புதுசாகக் கிடைத்ததும் அவர்கள் அதில் எப்படி மயங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு அவர்கள் மேல் பிரியம்தான் வருகிறது.

பிங்க் ஃபிளாய்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் தொங்கும் டி-சர்ட்டில்கூட அந்த முக்கோணமும் வானவில்லும் இருக்கிறது. அந்தப் படத்தை உறையில் கொண்டு 1973-ல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைவிட எனக்கு 1975-ன் 'விஷ் யூ வேர் ஹியர்' மேல். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து விலகிப் போனார், அவரை நினைத்து எழுதிய பாட்டின் வேலை அபே ரோடு ஸ்டூடியோவில் நடந்துகொண்டிருந்தபோது அவரே உள்ளே வந்து நின்றிருக்கிறார், உடம்பு பருத்து, தலைமுடியும் புருவமும் மழித்து. கூடப் பழகியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. டேவிட் கில்மோர் அந்தப் பாட்டில் கிட்டாரில் நான்கே நான்கு சுரம் வாசிக்கிறார். அந்த நான்கு சுரத்துக்கு முன்னால் இருக்கும் நீண்ட அமைதி இல்லாவிட்டால் அது அவ்வளவு தூரம் குத்தாது.

நீளமாக இருந்தாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' 1973 கடைசியில் வந்தது, இரண்டு தட்டு, நான்கே பாட்டு, 80 நிமிடத்துக்கும் மேல். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் நம் சாஸ்திரங்களைப் பற்றி இருக்கும் ஒரு அடிக்குறிப்பைப் படித்துவிட்டு யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன் அதிலிருந்து கட்டியது. நம் ஊர் விஷயமாயிற்றே என்று பிரியத்தோடுதான் பலமுறை உட்கார்ந்தேன். நான்காவது பாட்டு அருமை, முதல் பாட்டும் நிற்கிறது, நடுவில் இருக்கும் இரண்டும் தண்ணீர் விட்ட குழம்பு. அந்தச் சுற்றுப்பயணத்தில் மான்செஸ்டர் மேடையிலேயே கீபோர்டு மேல் வைத்துச் சாப்பிட்டதாகக் கீபோர்டுக்காரர் ரிக் வேக்மன் சொல்லியிருக்கிறார், அப்புறம் குழுவை விட்டும் போய்விட்டார். அவர் பக்கம்தான் நான். அதே ஆள் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' நடுவில் ஒரு சர்ச்சின் நிஜமான பைப் ஆர்கனை வாசித்திருக்கிறார், எந்தத் தண்ணீரும் விடாத வேலை அது.

இனி பலரும் என்னோடு சண்டைக்கு வரும் இடம். பில் காலின்ஸ். இந்த இசையை விரும்புகிறவர்களில் பாதிப் பேர் அவரை மன்னிப்பதே இல்லை. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-ல் ஜெனசிஸை விட்டுப் போனதும் டிரம்ஸ்காரரான இவர் பாட வந்தார், பாட்டுகள் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகின, 80-களில் அவர் உலகமெல்லாம் தெரிந்த ஆளானார், 1985-ல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி நாளில் லண்டனிலும் பாடிவிட்டு கான்கார்ட் விமானம் ஏறி பிலடெல்ஃபியாவிலும் பாடினார். இதெல்லாம் குற்றமா? ஜெனசிஸின் பழைய ஆல்பங்களான 'ஃபாக்ஸ்ட்ராட்'டிலும் 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்'டிலும் அவர் டிரம்ஸை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். அப்படி வாசித்த கை எளிமையான பாட்டுக்குப் போனது தெரிந்தேதான் போனது. கூட்டத்தைச் சந்தோஷப்படுத்துவதும் கடினமான வேலை, அதில் அவர் ஏமாற்றவில்லை. 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனசிஸின் கடைசிக் கச்சேரியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், டிரம்ஸில் அவர் மகன். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னும் அவரைத் திட்ட மனசு வருகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஃப்ரிப் விஷயமும் இப்படித்தான். 50 வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்காமல் வாசித்த மனிதர், 2020 கொரோனா அடைப்பில் மனைவி டோயாவோடு சேர்ந்து தங்கள் வீட்டுச் சமையலறையில் ஆடிப்பாடி ஞாயிறுதோறும் வீடியோ போட்டார். மரியாதை போச்சு என்று எழுதினார்கள். எனக்கோ அந்த நாட்களில் ஃபேக்டரி மூடி, ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லாமல், ஞாயிறு வந்தால் அதைப் பார்ப்பதுதான் ஒரே ஆறுதல்.

நம் ஊரில் சந்திரபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். காமெடியன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தூத்துக்குடிக்காரர், கொழும்பில் வளர்ந்தவர், தமிழ்ப் பாட்டில் யோடலிங்கைக் கொண்டுவந்தவர், குரல் அடித்தொண்டையிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவி இறங்கும் அந்த வித்தையை ஐம்பதுகளிலேயே சர்வசாதாரணமாகச் செய்தார். 1971-ல் நெதர்லாந்தின் ஃபோகஸ் குழு 'ஹோகஸ் போகஸ்' என்ற பாட்டில் கனமான கிட்டாருக்கு நடுவில் யோடலிங்கை வைத்ததும் உலகம் ஆச்சரியப்பட்டது. அதை முதல் தடவை கேட்டபோது நான் "அட, நம்ம சந்திரபாபு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார், அவர் ரசித்த ஒரே ராக் பாட்டு அதுதான்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. அந்தக் கேசட்டை அப்பா தீபாவளி போனஸில் வாங்கினார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) சேர்த்துச் செய்த அஞ்சலி, வி. எஸ். நரசிம்மனின் வயலின். அதில் ஒரு இடத்தில் பாக்கின் தனி வயலின் இசை ஓட, அதற்குள்ளேயே நம் வயலின் புகுந்து பேசும். ராஜா செய்தது ப்ராக் ராக்கா என்று கேட்டால், அந்தப் பெயர் அவருக்குத் தேவையில்லை என்பேன். ஆனால் வேலை அதேதான். அவருக்குப் பட முதலாளிகள் கொடுத்தது நான்கரை நிமிடம், அதில் முதல் இடையிசையில் ஒரு ஊருக்கும் இரண்டாவது இடையிசையில் வேறு ஊருக்கும் கூட்டிப்போய், பல்லவியில் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுவார். 2025 மார்ச்சில் 81 வயதில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் என்ற செய்தியைப் படித்தபோது, கடைசியில் இவருக்கும் நீளமான நேரம் கிடைத்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

ஜான் மெக்லாஃப்லினும் விக்கு விநாயக்ராமும் சேர்ந்த சக்தி குழுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது. இப்போதைய ஆட்களில் பெங்களூர் அகம் குழுவும் பிடிக்கும், ஆனால் கொச்சியின் மதர்ஜேன் குழு 2008-ல் போட்ட 'மக்தூப்' ஆல்பம் எனக்கு ஒரு படி மேல். பைஜு தர்மஜனின் கிட்டாரில் கமகம் தானாக வருகிறது, இதோ பார் கர்நாடக சங்கீதம் என்று அறிவிப்பு செய்துவிட்டு வருவதில்லை.

நீளம் நமக்குப் பழக்கமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடையில் வட்டமாக ஆடும் படுகர்களைப் பாருங்கள், ஆட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, களைத்தவர் ஒதுங்க அடுத்தவர் உள்ளே போகிறார்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "எப்பதான் முடியும்?" என்று கேட்டவள் எழுந்து போகவில்லை, பட்டாணி பாக்கி இருந்ததால் உட்கார்ந்திருந்தாள். 12 நிமிடம் தாண்டி அந்த சர்ச் ஆர்கன் வந்தது. மழைச் சத்தத்தையும் மீறி, அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும்கூட, அது அறையை நிறைத்தது. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டு முடிந்து தண்ணீர்ச் சத்தமும் பறவைச் சத்தமும் மட்டும் மிஞ்சியபோது, "உங்ககிட்ட இருக்கிற அந்தக் கேசட்டெல்லாம் இன்னும் ஓடுமா?" என்று கேட்டாள்.

கேசட் ஓடும். பிளேயரின் பெல்ட்தான் இளகிப் பிசினாகிவிட்டது. குன்னூரில் ஒரு ரிப்பேர்க் கடைக்காரர் பழைய பெல்ட் ஒன்று எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார், சனிக்கிழமை இவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.